மூன்று தண்ணீரில் அலசிய முருங்கைக்காய்

என் வீட்டுக்காரருக்கு டின்னில் அடைத்த எதுவும் ஆகாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு ஆண்கள் சேர்ந்து ஓர் அறையில் இருந்தார்களாம். டின்னைத் திறப்பது, சட்டியில் கொட்டுவது, சூடு பண்ணுவது, அவ்வளவுதான் சமையல். மூன்று வருடம் அப்படியே ஓட்டியிருக்கிறார். நான் வந்து இறங்கிய அன்று, என் கையிலிருந்த பெட்டியைக்கூட வாங்கிக்கொள்ளாமல், "இனிமே எனக்கு டின்னு வேணாம்" என்றார். கல்யாணமாகிப் பதினோரு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டியிடம் மனிதருக்குச் சொல்லத் தோன்றிய முதல் பேச்சு அதுதான். இருபத்தாறு வருடம் அதை நான் காப்பாற்றினேன். இந்த வருடம் காப்பாற்றவில்லை.

அவர் தரைக்கல் பதிக்கிறவர். குளியலறை, சமையலறை, கடைவாசல் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் அவர் பதித்த கல்லின் மேல்தான் நிற்கிறார்கள். எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான். எதையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். தோசை வட்டமாக வரவில்லை என்றால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நாலு படி ஏற மூச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ரத்தம் பின்பக்கம் கசிகிறது, ஆபரேஷன் பண்ணி மாற்ற வேண்டும் என்றார்கள். ஏழு வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. எங்கள் மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். டாக்டரைப் பார்க்கிற நாட்களில் மட்டும் ரயில் பிடித்து வந்து, அவர்கள் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள்.

"ஆபரேஷன் பண்ணிட்டா நல்லாயிடுவாராம்மா," என்றாள். "வேலைக்குக்கூடப் போலாமாம். ஆனா அதுவரைக்கும் ரெண்டு விஷயம். ஒண்ணு, உடம்புல தண்ணி சேரக் கூடாது. சேந்தா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. இன்னொண்ணு, நல்லா சாப்பிட்டு உடம்பத் தேத்தணும்."

ஏழு வாரம். இதைக்கூடவா செய்ய முடியாது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கென்று தனியாக ஓர் அம்மா இருந்தாள். உப்பு விஷம் மாதிரி என்றாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கிட்டத்தில் வரக் கூடாது. சமையலில் உப்பு போடவே கூடாது. டின்னில் அடைத்தது வேண்டாம், புதுக் காய் மட்டும்தான். மகள் அதைச் சொன்னபோது இவர் சிரித்தார். "இத நான் இருபத்தாறு வருஷமா சொல்லிட்டிருக்கேன், உங்கம்மா காதுல ஏறுச்சா?" என்றார். அந்த அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சிரித்தாள். தண்ணீர், காப்பி, குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று கணக்கு. இவர் வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்து, கல்லில் கோடு போடுகிற பென்சிலால், காலைக்கு இவ்வளவு, மத்தியானத்துக்கு இவ்வளவு என்று கோடு போட்டு வைத்தார். ஒவ்வொரு கோடும் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

உப்பில்லாச் சாப்பாடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முட்டைக்கோஸ் வைத்தேன், கேரட் வைத்தேன், பீன்ஸ் வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். கோபப்பட்டால் இன்னும் இரண்டு வாய், அவ்வளவுதான். கன்னம் ஒட்டிப் போயிற்று. மோதிரம் விரலில் நிற்காமல் சுழன்றது. இப்படியே போனால் ஆபரேஷன் மேஜையில் படுக்கவே தெம்பு இருக்காது என்று நர்ஸ் சொன்னாள். என்னதான் வேண்டும், சொல்லித் தொலையுங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "முருங்கக்கா போட்டு ஒரு கொழம்பு வெச்சா, உப்பு இல்லாட்டியும் எறங்கும்னு தோணுது," என்றார்.

இந்த ஊரில் முருங்கைக்காய் குதிரைக் கொம்பு. நம் ஆட்கள் கடை ஒன்றுதான் இருக்கிறது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விமானத்தில் வந்த காய்ப்பெட்டி இறங்கும். இரண்டு மணிக்குள் முருங்கைக்காய் காலி. கடைக்காரருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே 'அடுத்த வாரம்'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான். எனக்கு வேலை ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி போனால் இன்னொருத்தி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாலு மணிக்குத்தான் விடுவார்கள். இரண்டு வியாழக்கிழமை நாலேகாலுக்கு மூச்சு வாங்க ஓடினேன்.

"ரெண்டே ரெண்டு காய் எடுத்து வெய்யுங்கண்ணே. அவருக்கு உடம்பு சரியில்ல," என்றேன்.

"எடுத்து வெக்கிறதெல்லாம் கெடையாதும்மா. ஒருத்தருக்கு வெச்சா ஒம்போது பேரு சண்டைக்கு வருவாங்க. அடுத்த வாரம் சீக்கிரமா வாங்க."

இரண்டாவது முறை அவர் அதைச் சொன்னபோது, வாசலில் அடுக்கி வைத்திருந்த டின்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் மேலும் பச்சைப் பசேலென்று முருங்கைக்காய்ப் படம். உப்புத் தண்ணீரில் போட்டது என்று எழுதியிருந்ததை நானும் படித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீர்தானே, கொட்டிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லையா? அதே மாதிரி மூன்று தண்ணீர் அலசினால் உப்பு எங்கே இருக்கப் போகிறது? வாழ்க்கையில் எத்தனை வருடம் எலுமிச்சங்காயை உப்பில் ஊறப் போட்டிருக்கிறேன். உப்பு தோலோடு நிற்காது, சதைக்குள் இறங்கிவிடும் என்று என் கைக்குத் தெரியும். அன்றைக்கு அது என் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சமைத்தேன். டின் திறக்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று சலவை மெஷினை ஓட விட்டேன். தண்ணீரை வடித்து, மூன்று முறை அலசி, கையால் லேசாகப் பிழிந்தும் விட்டேன். பிறகுதான் பார்த்தேன், துண்டு எல்லாம் ஒரே அளவு. மெஷின் வெட்டியது. அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கத்தியை எடுத்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் கோணலாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று திருத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் வெட்டுகிற காய் கோணல் என்று பார்வையாலேயே சொன்ன மனிதருக்காக, வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன். எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் வீட்டில் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. பரிமாறுவதற்கு முன்னால் நாக்கில் பட்டால் அது எச்சில். அம்மா வீட்டில் அப்படித்தான் வளர்ந்தேன். குழம்பு கொதிக்கிற வாசனையை வைத்தே உப்பு, புளி சரியா என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். அன்றைக்கும் உப்பு டப்பாவைத் தொடவில்லை. தொடாத உப்பை எதற்கு ருசி பார்க்க வேண்டும்?

முதல் வாய் வைத்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முருங்கக்கா கெடச்சுதா?"

"சண்ட போட்டு வாங்கிட்டு வந்தேன்."

"உப்பு போடலையே?"

"போடல."

"போடாமயே இவ்ளோ ருசியா இருக்கு பாத்தியா," என்றார். "ஃப்ரெஷ்ஷுன்னா இதுதான். காய்லயே எல்லாம் இருக்கும்."

அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சக்கையை வழக்கம்போலத் தட்டின் ஓரத்தில் ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையாக வைத்தார், கல் பதிக்கிற மாதிரியே. நான் சமையலறைக்குள் போய் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் சாப்பிட்ட பிறகு நானும் அதே குழம்பை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பில்லாத குழம்பு என்று தட்டில் ஒரு கரண்டி ஊறுகாய் வைத்துக்கொண்டேன். பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் வாரத்தில் மூன்று நாள், நாலு நாள் அதே கதை. குழம்பு, கூட்டு, பொரியல் என்று மாற்றி மாற்றி வைத்தேன். முருங்கைக்காயோடு நிற்கவில்லை. டின்னில் பலாக்காய் இருந்தது, வாழைப்பூ இருந்தது, பாகற்காய்கூட இருந்தது. எல்லாம் மூன்று தண்ணீர். காலி டின்களைப் பையில் சுற்றி எடுத்துப் போய் சலவைக் கூடத்துக் குப்பையில் போட்டேன். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். முருங்கைக்காய், ஃப்ரெஷ். பலாக்காய், ஃப்ரெஷ். நான் எழுதியதை மகள் அவர்கள் பாஷையில் எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு சாப்பாட்டு அம்மா என் கையைப் பிடித்து, எல்லாக் குடும்பமும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்றாளாம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எடை ஏறியது. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ. உடம்பு தேறுகிறது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். எடை சட்டென்று ஏறினால் உடனே போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்தான். சாப்பிடுகிறார், ஏறுகிறது, இதற்கு எதற்குப் போன் என்று இருந்துவிட்டேன். பத்தாவது நாள் செருப்பு காலில் நுழையவில்லை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். சாப்பாட்டில் குற்றமில்லை என்று குறிப்பு சொல்லுகிறது, அப்படியானால் தண்ணீர்தான் அதிகமாகக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள்.

"நான் கோட்டத் தாண்டி ஒரு சொட்டு குடிக்கல," என்றார் இவர்.

அவர் சொன்னது உண்மைதான். அந்தத் தடவை அது உண்மை. நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காவல் காத்தேன். குளியலறைக் கதவை உள்ளே தாழ் போடக் கூடாது என்று சட்டம் போட்டேன். பல் துலக்குகிற டம்ளரை எடுத்து ஒளித்து வைத்தேன். வேலைக்குப் போனால் மணிக்கொரு தரம் போன் பண்ணி, பாட்டில் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பக்கம் இதெல்லாம். இன்னொரு பக்கம், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் மெலிந்து வந்திருக்கிறாரே என்று தினமும் முருங்கைக்காய்.

ஆபரேஷனுக்குப் பதினாறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து அரை மணி இருக்கும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினேன். தொட்டிக் குழாய்க்குக் கீழே குனிந்து, வாயைக் குழாயோடு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. அவர் காலுக்கடியில் இருந்தது அவரே பதித்த கல்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி எழுந்து நின்றார்.

"தாகம் தாங்கலம்மா," என்றார். "வாய்க்குள்ள சிமெண்ட்டப் பூசி வெச்ச மாதிரி இருக்கு. சத்தியமா சொல்றேன், முடியல."

"எல்லாருக்கும்தான் தாகம் எடுக்குது. ஊர்ல எவனும் ஒன்றர லிட்டர்ல இருந்ததே இல்லையா?"

"சாப்பிட்டதும்தான் ரொம்ப எரியுது."

"சாப்பாட்டு மேல பழியப் போடாதீங்க. ஓடி ஓடி வாங்கியாந்து ஆக்கிப் போடுறேன்ல, அதான் சாப்பாட்டு மேல பழி. ஒரு வாய அடக்கத் துப்பில்ல. ஆபரேஷன் வேணாம்னா சொல்லிடுங்க மேஸ்திரி, நானும் நிம்மதியாப் போயிடுறேன்."

அவர் நனைந்த சட்டையோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவரிடம் எத்தனையோ கடுஞ்சொல் பேசியிருக்கிறேன். எல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையில் மறுபடியும் ஆஸ்பத்திரி. இந்த முறை வாயில் நுரை தள்ளியது. வண்டியில் வைத்து ஏற்றிப் போனார்கள். மகள் வந்து சேர்ந்தாள். சாயங்காலம், "நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சு ஏதாவது சாப்பிடும்மா, நான் இருக்கேன்," என்று என்னைத் துரத்திவிட்டாள்.

ஃப்ரிட்ஜில் முந்தின நாள் வைத்த முருங்கைக்காய்க் கூட்டு இருந்தது. சூடு பண்ணினேன். ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் அடியில் எண்ணெய்தான் இருக்கிறது. சரி, ஒரு நாள் உப்பில்லாமல் தின்றால் செத்தா போவேன் என்று வெறும் சோற்றில் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தேன்.

கரித்தது.

இன்னொரு வாய் வைத்தேன். ஒரு துண்டு முருங்கைக்காயை எடுத்து, மேலே ஒட்டியிருந்ததையெல்லாம் குழாயில் கழுவிவிட்டு, பிளந்து, சதையை மட்டும் நாக்கில் வைத்தேன். உப்பு. அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டின்னில் ஒன்றைத் திறந்து மூன்று தண்ணீர் அலசினேன், நாலு, ஐந்து, பத்துத் தண்ணீர் அலசினேன். அப்புறமும் உப்பு. எனக்குத் தாகம் எடுத்தது. குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் தண்ணீர் மடக்கு மடக்கென்று குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் குடித்தார் என்று என்னவெல்லாம் சொன்னேன் அந்த மனிதரை. எரியுது எரியுது என்று வாய்விட்டுச் சொன்னாரே.

காலையில் அந்த டின்னைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, டாக்டர் திட்டினால் வாங்கிக்கொள்வது, காலில் விழச் சொன்னால் விழுவது என்று பஸ்ஸில் போகும்போதே தீர்மானம் பண்ணிவிட்டேன். இது என் தப்பு, அவர் தப்பில்லை, இனிமேல் ஆகாது, தேதியை மட்டும் தள்ளி வையுங்கள் என்று மகளை விட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்னும் பதினோரு நாள் இருக்கிறதே என்று நம்பிக்கை.

ஆபரேஷன் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதியாக இருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். மூக்கில் குழாய், குரலே எழும்பவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லும்மா," என்றார் மகளிடம். "நான்தான் தண்ணி குடிச்சேன். குழாய்ல வாய வெச்சுக் குடிச்சேன். அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. அவ வேளாவேளைக்கு ஃப்ரெஷ் காய்தான் செஞ்சு போட்டா, உப்பு இல்லாம. என்னாலதான் அடக்க முடியல. இன்னொரு தடவ வாய்ப்புக் குடுக்கச் சொல்லு."

மகள் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசினார். தண்ணீர் குடித்ததற்குத் தண்டனை மாதிரி நினைக்க வேண்டாம், அது ஒரு பொருட்டே இல்லை இப்போது. இரண்டு தடவை நீர் கோத்ததில் இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது. நேற்றுப் படத்தில் பார்த்தோம். ஆபரேஷன் பண்ணினால் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டார். தள்ளி வைத்தாலும் தெம்பு திரும்பாது. இனி மாத்திரை மட்டும்தான். வீட்டில் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எவ்ளோ நாளுன்னு கேளு," என்றேன் மகளிடம்.

அவள் கேட்டாள். டாக்டர் சொன்னார். அதை மட்டும் அவள் எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

டின் பையிலேயே இருந்தது. சொன்னால் ஆபரேஷன் நடக்கும் என்றால் சொல்லியிருப்பேன், அது நிச்சயம். நடக்காது என்று ஆன பிறகு யாருக்காகச் சொல்வது? இப்படித்தான் அன்றைக்கு என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அது பொய். சொல்ல வேண்டிய ஆள் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான்தான் கெடுத்துக்கிட்டேன்" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டின்னைச் சலவைக் கூடத்தில் எறிந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறோம். பாட்டிலில் கோடெல்லாம் இப்போது அவரே கறாராகப் பார்க்கிறார். பாதிக் கோடு வந்தாலும், "போதும், எடுத்துடு," என்று தள்ளிவிடுகிறார். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இனி ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். பழைய குற்றத்துக்கு இப்போது கட்டுகிற அபராதம் மாதிரி நாக்கு உலரக் கிடக்கிறார். பார்க்கிற ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போவேன். வாய் வராது.

இவர் போகும்போது அந்தப் பழியைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது என் கையில் இருக்கிறது. அதனால் போன வியாழக்கிழமை லீவு எடுத்தேன். வெறுமனே சொல்ல வாய் வராது, நல்ல காயை வாங்கிச் சமைத்து, தட்டில் வைத்து, இதுதாங்க ஃப்ரெஷ், அதெல்லாம் டின்னு, என் தப்பு என்று சொல்லிவிடுவது என்று திட்டம். லீவு கேட்டதும் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. இதே லீவை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

பதினொன்றேகாலுக்கே கடையில் போய் நின்றேன். பெட்டி இறங்கியதும் முதல் ஆளாக நாலு காய் பொறுக்கினேன். அடுத்த வாரம் என்று சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்காமல் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பொறுமையாக நாரை உரித்தேன். எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதால் மனசு லேசாக இருந்தது. அவருக்குப் பிடிக்குமே என்று ஒவ்வொரு துண்டையும் சுட்டுவிரலோடு வைத்து அளந்து, ஒரே அளவாக வெட்டினேன். உப்பு போடவில்லை. இறக்குவதற்கு முன்னால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. எச்சில் பண்ணியதை அவருக்குப் போட்டேன்.

தலையணையை முதுகுக்கு வைத்து உட்காரவைத்துத் தட்டைக் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்துப் பல்லில் இழுத்தார். மெதுவாக மென்றார். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய பார்வை. தட்டைக் கொஞ்சம் திருப்பினார்.

"எல்லாம் ஒரே அளவா இருக்கே," என்றார்.

நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

"டின்னா?" என்று கேட்டார். கோபமில்லை. "பரவால்ல. நீயும் வேலைக்கு ஓடி, எனக்கும் அலையிற. எத்தன நாளைக்குத்தான் ஃப்ரெஷ்ஷா தேடுவ?" இன்னொரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். "முன்ன வாங்கியாந்தியே, அதுதான் முருங்கக்கா. உப்பே இல்லாம என்ன ருசி. அப்படி ஆக்கிப் போட்ட ஒனக்கு நான்தான் துரோகம் பண்ணிட்டேன். மூணு வாரம் வாயக் கட்டியிருந்தா இந்நேரம் வேலைக்குப் போயிருப்பேன்."

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஏதோ இடித்தது. சொன்னால் அந்தக் குழம்பும் அவருக்குப் போய்விடும். கடைசியாக அவர் ருசித்துச் சாப்பிட்டது அதுதான். அதையும் நான் பிடுங்க வேண்டுமா? இப்படி ஒரு நியாயம் அந்த நேரத்துக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. பயந்தாங்கொள்ளிக்கு நியாயம் கிடைக்காமல் போனதே இல்லை.

"ஆமாங்க," என்றேன். "டின்னுதான்."

டின் என்றால் ஆகாத மனிதர், ஒரு துண்டு மீதி வைக்காமல் சாப்பிட்டார். சக்கையை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். ஒன்று மட்டும் கோணலாக விழுந்தது. அதை விரலால் தள்ளித் தள்ளிச் சரி பண்ணினார். பிறகு தட்டை என்னிடம் நீட்டினார்.

"அடுத்த தடவ அந்தப் பழைய மாதிரி பாத்து வாங்கு," என்றார். "ஒரே ஒரு தடவ."

"அடுத்த வாரம் வாங்கிட்டு வரேன்," என்றேன்.